கோட்டைக்கு முன்பு அங்கே ஒரு வீடு இருந்தது

அமெரிக்க உள்நாட்டுப் போரின் தடயங்களைத் தேடி வாஷிங்டனுக்குச் செல்வோர் பெரும்பாலும் லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு நாடக அரங்கோடு நின்றுவிடுகின்றனர். 1865இல் போர் முடிந்தபோது அத்தலைநகரைச் சுற்றி 68 கோட்டைகள் இருந்தன. அவற்றுள் சில இன்று பூங்காக்களாகவும் புல் மூடிய மண்மேடுகளாகவும் எஞ்சியுள்ளன.

அவற்றுள் புகழ்பெற்றது ஸ்டீவன்ஸ் கோட்டை. 1864 ஜூலை 11, 12 ஆகிய நாள்களில் ஜூபல் எர்லியின் தென்மாநிலப் படை இங்குதான் தடுத்து நிறுத்தப்பட்டது. களத்தைக் காண வந்த லிங்கன், அரணின் மேல் குண்டுகள் பாயும் இடத்தில் நின்றார். அவ்விடத்தை ஒரு நினைவுக்கல் குறிக்கிறது.

ஆனால், அந்த நிலம் எலிசபெத் புரோக்டர் தாமஸ் என்ற கறுப்பினப் பெண்ணுடையது. அவர் அடிமையல்லர், தம் பெயரில் நிலம் வைத்திருந்தவர். கோட்டைக்காகப் படையினர் அவர் வீட்டை இடித்தனர். லிங்கன் அங்கு நின்றது சிறிது நேரம். அப்பெண் இழந்ததோ குடியிருந்த வீடு.

ரெனோ கோட்டையின் கதை இதற்கு மறுதலை. போருக்குப் பின் அந்த மேட்டைச் சுற்றி, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் குடியேறி ஓர் ஊரையே உருவாக்கினர். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பூங்காவுக்காகவும் பள்ளிக்காகவும் அவ்வூர் அகற்றப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1903இல் கட்டப்பட்ட பள்ளிக்கட்டடம் எஞ்சிய தடயங்களுள் ஒன்று.

இவற்றைத் தற்செயல் என ஒதுக்க இயலாது. 1862 ஏப்ரல் 16 அன்று வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழித்த சட்டம், விடுவிக்கப்பட்ட ஒருவருக்கு 300 டாலர் வரை உடைமையாளருக்கு இழப்பீடு வழங்கியது. அடிமைப்பட்டோரின் உழைப்புக்கு இழப்பீடு இல்லை. நாட்டை விட்டு வெளியேற இசைந்தோருக்கு மட்டுமே 100 டாலர் வரை உதவித்தொகை. யாருடைய இழப்பு கணக்கில் ஏறும் என்பதை அச்சட்டமே வரையறுத்துவிட்டது.

போர் நிகழ்ந்ததால்தானே அவ்விடம் பாதுகாக்கப்படுகிறது எனச் சிலர் வாதிடலாம். அது உண்மையே. எர்லி உள்ளே நுழைந்திருந்தால் அவ்வாண்டுத் தேர்தலின் போக்கே மாறியிருக்கக்கூடும். எனினும், படைநகர்வு வரைபடத்தை மட்டும் ஏந்திச் செல்லும் ஆய்வாளருக்கு ஸ்டீவன்ஸ் ஒரு வெற்றிக்களம். ரெனோ வெறும் பூங்கா. நிலப்பதிவேட்டையும் உடன் கொண்டுசெல்பவருக்கோ இரண்டும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். களப்பயணம் மேற்கொள்ளும் வரலாற்று மாணவர் எந்த நினைவிடத்திலும் முதலில் எழுப்ப வேண்டிய வினா, இங்கே யார் போரிட்டார் என்பதன்று. இங்கே யார் வாழ்ந்தார், அவர் எங்கே போனார் என்பதே.