முற்றமும் புற்றரையும்

வீட்டு முற்றத்திற் புல் முளைத்திருந்தால் அவ்வீட்டிற்கு ஆளில்லை என்பது நம்மவர் பரம்பரையாகக் கொண்ட கருத்து. விடியற்காலையில் ஈர்க்கு விளக்குமாற்றினாற் கூட்டி, சாணநீர் தெளித்து, ஒரு துரும்பும் இல்லாது வைத்திருக்கும் மணல் முற்றமே இல்லத்தின் இலட்சணம் என யாழ்ப்பாணத்துத் தாய்மார் எண்ணினர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடிபுகுந்த பின்னர் முற்றம் சுருங்கிச் சிமெந்துத் தரையாயிற்று; ஆயினும் கருத்து மாறவில்லை. புல் காலிமுகத் திடலுக்கும் கல்லூரி மைதானத்துக்கும் உரியது. வீட்டு வாயிலுக்கு உரியதன்று என்றே நாம் வளர்ந்தோம்.

இத்தகைய மரபில் வந்த நாம், இன்று கனடா தேசத்தில் வீட்டு வாயிலிற் புல் வளர்ப்பதற்காகப் படும் பாட்டை எண்ணுங்கால் நகைப்பும் வருகின்றது, கவலையும் வருகின்றது. 1983 ஆம் ஆண்டின் பின்னர் பெருந்தொகையாகச் சென்ற நம்மவர் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலும், அயலிலுள்ள மார்க்கம், பிரம்ரன் முதலிய நகரங்களிலும் வீடு வாங்கி வாழ்கின்றனர். நம் கல்லூரியின் பழைய மாணவர் பலரும் அவர்களுள் அடங்குவர். விழா மலரிலே புல்லைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். அந்நாட்டில் வாயிற் புற்றரையைக் கொண்டே வீட்டுக்காரனை மதிக்கும் வழக்கம் உண்டு. நம்மவரும் அம்மதிப்புக்கு ஆசைப்பட்டுப் பணத்தையும் நீரையும் காலத்தையும் வீணாக்குவதோடு, சில வேளைகளிற் சட்டத்தையும் மீறுகின்றனர். ஆதலின் இஃது எழுதத் தகுந்த பொருளே.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். புற்றரை வளர்ப்பது தவறன்று. அயலாருக்கு அஞ்சி வளர்ப்பதே தவறு. அஞ்சி வளர்ப்பவன் அவசரப்படுவான். குளிர்தேசத்துப் புல்லோ அவசரத்தைப் பொறுக்காது.

இதற்கு என் அநுபவமே சான்று. வீடு வாங்கிய முதற் கோடையிலே, ஒருமுறை ஒட்ட வெட்டிவிட்டால் இரண்டு வாரம் ஓய்வு கிடைக்கும் என்று எண்ணி, தலையை மழித்தாற்போலப் புல்லை வெட்டினேன். யூலை மாதத்தில் அது மஞ்சளாயிற்று. நாள்தோறும் மாலையிற் பத்து நிமிடம் குழாய்நீர் தெளித்தேன்; பயனில்லை. வாயிலில் விளம்பரத் துண்டு போட்டுச் சென்ற ஒரு கம்பனியாரை அழைத்தேன். அவர்கள் கடும் வெயிலிலே பசளையை அள்ளிக் கொட்டிச் சென்றனர். ஒரு வாரத்துள் புல் கருகி, புற்றரை அம்மைத் தழும்பு விழுந்த முகம்போலாயிற்று. அடுத்த வீட்டு முதியவர் ஒருவர் வேலிக்கு அப்பால் நின்று இவற்றையெல்லாம் பார்த்திருந்தார். ஒருநாள் அவர் ஓர் அடிமட்டத்தையும் வெறும் மீன் தகரப்பேணி ஒன்றையும் கையிற் கொண்டுவந்து, “ஐயா, உமக்கு வேண்டியவை இவ்விரண்டுமே” என்றார். அன்றுதான் யான் பாடம் படிக்கத் தொடங்கினேன்.

முதற்கண் அறிய வேண்டியது புல்லின் குணம். நாம் அறிந்த புல் அறுகு. பிள்ளையாருக்குச் சாத்தும் அவ்வறுகு வெப்பத்தை விரும்புவது. வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி நின்று வைக்கோல் நிறமாகிவிடும். கடும் உறைபனியில் மடிந்தும் போகும். ரொறன்ரோ வடக்கே ஏறத்தாழ 44 ஆம் பாகையில் உள்ளது. அங்கு வாழ்பவை 15 முதல் 24 பாகை வரையுள்ள குளிர்ச்சியிற் செழிக்கும் வேறு புல்வகைகள். கென்ரக்கி நீலப்புல், ஃபெஸ்கியூப் புல், பல்லாண்டு றைப்புல் என்னும் மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. கென்ரக்கி நீலப்புல்லின் பெயர் அமெரிக்க மாநிலம் ஒன்றைச் சுட்டினும், அதனை அக்கண்டத்திற் பரப்பியவர்கள் ஐரோப்பியக் குடியேறிகளே. அப்புல்லும் நம்மைப் போலக் குடியேறியதுதான் என்று யான் நண்பர்களிடம் கூறுவதுண்டு.

இம்மூன்றையும் கலந்தே விதைக்க வேண்டும். றைப்புல் ஐந்து முதற் பத்து நாளில் முளைத்து மண்ணைக் காக்கும். நீலப்புல் முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். ஆயினும் நிலத்துள்ளே கிழங்குத்தண்டு ஓட்டி, வெறுமையான இடங்களைத் தானே மூடிக்கொள்ளும். ஃபெஸ்கியூ மரநிழலையும் வறட்சியையும் தாங்கும். ஒரே இனத்தை மட்டும் விதைத்தவனுடைய நிலத்தில் ஒரு நோய் வந்தால் முழுவதும் போய்விடும். கலந்து விதைத்தவனுடைய நிலத்தில் ஒன்று வாட மற்றொன்று நிற்கும்.

இனி அடிமட்டத்தின் பாடம். புல்லை 6 முதல் 8 சதமமீற்றர் வரை உயரமாக விட்டு வெட்ட வேண்டும். ஒரு தடவையில் இலையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. மேலே இலை எவ்வளவோ கீழே வேரும் அவ்வளவு. ஒட்ட வெட்டிய புல்லின் வேர் குறுகி, மண் வெயிலிற் காய்ந்து, களை விதைகளுக்கு ஒளி கிடைத்துவிடும். உயர்ந்து நிற்கும் புல் தன் நிழலாலேயே களையை அடக்கும். ரொறன்ரோ நகர விதியின்படி 20 சதமமீற்றருக்கு மேல் புற்றரை வளர்தல் கூடாது; 8 சதமமீற்றர் வைத்திருப்பவனை எவரும் குறைகூற முடியாது. வெட்டிய துணுக்குகளை வாரிக் கட்டி வெளியே வைப்பதும் வீண் வேலை. அவை அங்கேயே மட்கி, எடுத்த நைதரசனில் ஒரு பகுதியை மண்ணுக்குத் திரும்பக் கொடுக்கும்.

தகரப்பேணியின் பாடம் நீரைப் பற்றியது. மழையும் குழாய்நீரும் சேர்ந்து வாரத்துக்கு 2.5 சதமமீற்றர் போதும். பேணியைப் புல்லின்மேல் வைத்தால் எவ்வளவு விழுந்தது என்பதை அதுவே காட்டும். நாள்தோறும் சிறிது தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும்; வாரம் ஒருமுறை காலை வேளையில் ஆழ நனைத்தால் வேர் கீழே இறங்கும். மாலையில் நனைத்த புல் இரவெல்லாம் ஈரத்தோடிருந்து பூஞ்சண நோயை வரவேற்கும். இன்னொன்று: யூலை, ஓகத்து மாதங்களிற் புல் பழுப்பது சாவன்று, உறக்கமே. நீர் ஊற்றாவிடினும் நல்ல புல் சில வாரம் உறங்கியிருந்து, மழை வந்ததும் விழித்துக்கொள்ளும். அதனைச் செத்ததென்று எண்ணிக் கோடையிற் பசளை இடுவது, உறங்குபவன் வாயிற் சோற்றைத் திணிப்பது போலாகும்.

பசளை இடவும் விதை தூவவும் உரிய காலம் இலையுதிர் காலமே. ஓகத்து மாத இறுதி முதல் செத்தெம்பர் நடுப்பகுதி வரை மண் சூடாயிருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், களைகளின் வேகம் தணிந்திருக்கும். இறுகிய மண்ணிலே துளைக்கருவியால் மண்குச்சிகளை எடுத்து, மக்கிய உரம் பரப்பி, விதை தூவுதல் அப்பொழுதே சிறப்பு. வண்டின் வெண்புழுக்கள் வேரை அரிக்கத் தொடங்குவதும், அவற்றைத் தேடி இரவில் ஸ்கங்க் எனப்படும் நாற்ற விலங்கும் இரக்கூனும் புல்லைப் புரட்டுவதும் அக்காலத்தில்தான். அதற்கு நஞ்சு தேவையில்லை. நன்மை செய்யும் நூற்புழுக்களை வாங்கி, ஈரமண்ணில் நீரோடு கலந்து விட்டால் அவை வெண்புழுவினுள் புகுந்து கொல்லும். பனி விழுமுன் உதிர்ந்த இலைகளை அகற்றிவிட வேண்டும். அன்றேல் பனியின் கீழே புல் பூஞ்சணம் பிடிக்கும். பாதைக்குத் தூவும் உப்பைப் புல்லில் விழவிடாமலும், உறைந்த புல்லை மிதிக்காமலும் இருந்தால், மாரியில் நாம் செய்வதற்கு வேறொன்றுமில்லை.

நிற்க. களைக்கொல்லி பற்றி வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். கியூபெக் மாகாணத்தின் ஹட்சன் என்னும் சிற்றூர் 1991 இல் அழகுக்காக மட்டும் நஞ்சு தெளிப்பதைத் தடைசெய்தது. கம்பனிகள் வழக்காடின, 2001 இற் கனடிய உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒன்ராறியோ மாகாணம் முழுவதிலும் 2009 ஆம் ஆண்டு ஏப்பிரல் 22 ஆந் திகதி முதல் இத்தகைய தடை நடைமுறைக்கு வந்தது. இவ்வாறிருந்தும், மஞ்சட் பூப்பூக்கும் டான்டிலயன் பூண்டு இரண்டு முளைத்துவிட்டால், அயலார் என்ன நினைப்பரோ என்று கலங்கி, எல்லைக்கு அப்பாற் சென்று நஞ்சு வாங்கி வந்து இரவிலே தெளிக்கும் நம்மவரும் உளர். அடுத்த நாட் காலையில் அப்புல்லிலே தவழ்பவர் அயலாரல்லர், தம் பேரப்பிள்ளைகளே. இரண்டு மஞ்சட் பூவுக்காக இதனைச் செய்வது அறிவுடைமையாகுமா? ஒரு சிறு கத்தியும் குனிய மனமும் இருந்தால் அப்பூண்டை வேரோடு எடுத்துவிடலாம். குளோவர் முளைத்தாலோ விட்டுவிடலாம். அது காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கும் நண்பன்.

புல்லே வேண்டாம், கத்தரியும் மிளகாயும் நடுவோம் என்போர் கூற்றையும் யான் புறக்கணிக்கவில்லை. பின்வளவிலே மே மாத இறுதி முதல் ஒக்தோபர் வரை நம்மவர் விளைவிக்கும் காய்கறிகளைக் கண்டு வெள்ளையரும் வியப்பர். புற்றரைக்கென ஒதுக்கும் இடத்தைக் குறைப்பதும் நன்றே. ஆனாற் பிள்ளைகள் உருண்டு விளையாடவும், மழைநீர் மண்ணுள் இறங்கவும் சிறிது புல் வேண்டும். முன்வளவு முழுவதையும் கல் பதித்து வாகனங்களை நிறுத்துவோருடன் யான் உடன்படேன்.

இங்கு பயிலும் மாணவருட் சிலரும் நாளை குளிர்தேசம் செல்லக்கூடும். அவர்கள் அயலானுடைய பச்சையைக் கண்டு முதலாண்டிலேயே மனம் புழுங்க வேண்டா. மேலே எதுவும் தெரியாத இலையுதிர் காலத்தில், இலையின் வளர்ச்சி ஓய்ந்த பின்னரும், குளிர்தேசத்துப் புல்லின் வேர் வளர்ந்துகொண்டிருக்கும். அக்காலத்திற் செய்த வேலையின் பயன் அடுத்த வசந்தத்திலேயே கண்ணுக்குப் புலப்படும். ஆல்போற் தழைத்து அறுகுபோல் வேரோடுக என்று நம் முன்னோர் வாழ்த்தியபொழுது, தழைப்பதோடு வேரோடுவதையும் சேர்த்தே சொன்னார்கள்.

அதிகாலையில் முற்றம் கூட்டிய நம் தாய்மார் தெருவாரின் புகழுக்காகக் கூட்டவில்லை. தம் வீடு, தம் மண், அதனைச் செவ்வனே வைத்திருத்தல் தம் கடமை என்றே நாள்தோறும் குனிந்தனர். விளக்குமாற்றை விட்டுப் புல்வெட்டியைப் பிடித்துள்ள நம் கைகளுக்கும் அந்த மனமே போதும்.