செவித்துணை நாணத்தக்கதோ?

கண்ணொளி குன்றிய ஒருவர் மூக்குக் கண்ணாடி அணிந்து வருவாராயின், அவரை நோக்கி நகைப்பார் எவருமிலர். கண்ணாடி அணிந்தோரெல்லாம் கற்றோர் என்று கருதுவாரும் நம்மிடையே உளர். ஆனால், செவிப்புலன் குன்றிய ஒருவர் காதினுள் சிறு கருவியொன்றை அணிந்துவரின், கண்டோர் பார்வை அங்கேயே நிலைக்கின்றது; அணிந்தவர் கையும் தானே எழுந்து அதனை மறைக்க முயல்கின்றது. இரண்டும் புலனுக்குத் துணைசெய்யும் பொருள்களே. அங்ஙனமாக, ஒன்றை அணியென்றும் மற்றொன்றை இழுக்கென்றும் எண்ணுவது எங்ஙனம் பொருந்தும்? பயனற்ற செயலுக்கெல்லாம் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று உவமை கூறிப் பழகிய நமது நாவும் இதற்கு ஒரு காரணம் போலும்.

இதுபற்றி எழுத எனக்கு ஓர் உரிமையுண்டு. யானும் அக்குறை உடையேன். ஐம்பதாம் ஆண்டைக் கடந்த பின்னர், பின்வரிசை மாணவர் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேளாதாயிற்று. அவர்கள் வாய்க்குள்ளேயே பேசுகின்றனர் என்று அவர்களைக் கடிந்துகொண்டேனேயன்றி, என் செவியை ஐயுற்றேனில்லை. ஒரு நாள் திருக்குறளில் துறவு என்னும் அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து ஏதோ வினவினார். "ஆம், எல்லா அதிகாரத்திற்கும் குறள் பத்துத்தான்" என்று விடையிறுத்தேன். வகுப்பு முழுதும் நகைத்தது. வினவியவர் மட்டும் நகைக்கவில்லை, வாளா அமர்ந்துவிட்டார். "ஐயா, எல்லாப் பற்றும் தீயதுதானா?" என்று அவர் கேட்டதை, முன்வரிசை மாணவர் ஒருவர் பின்னர்த் தனியே வந்து சொல்லத்தான் அறிந்தேன். 'பற்று' என் செவியில் 'பத்து' என விழுந்திருந்தது. அவ்வாண்டு முடியுமளவும் அம்மாணவர் வேறொன்றும் வினவவில்லை.

கேள்வி என்னும் தமிழ்ச்சொல் செவியால் கேட்டறிதலையும் குறிக்கும், வினாவையும் குறிக்கும். கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்து வள்ளுவர் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தது முதற்பொருள் பற்றியே. ஆயினும், முதற்கேள்வி குன்றிய ஆசிரியனிடத்தில் மற்றைக் கேள்வியும் மடிந்துபோம் என்பதை அன்று கண்டுகொண்டேன். குறையை மறைத்தவன் யான், இழப்புற்றவர் மாணவர்.

இம்மயக்கம் எதனால் நேர்கின்றது? உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பொன்று உளது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரணுக்கள் அமைந்து, ஒலியின் அதிர்வை நரம்பு ஏற்கத்தக்க குறியாக மாற்றித் தருகின்றன. முதுமையாலும் பேரொலியாலும் அழிந்த அணுக்கள் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் முதற்கண் கெடுவன உச்ச ஒலியை ஏற்கும் அணுக்களே. ஆதலின் உயிரெழுத்தின் ஓசை செவிப்படும். மெய்யெழுத்துக்களின் நுண்ணிய வேறுபாடு மயங்கும். 'பேசுவது கேட்கின்றது, என்ன பேசுகிறார் என்பது விளங்கவில்லை' என்று முதியோர் கூறுவது இதனாலேயே.

முன்னாளில் இக்குறையுடையார் ஊதுகொம்பு போன்ற குழலைச் செவியில் வைத்துக் கேட்டனர். 1952 ஆம் ஆண்டின் இறுதியில் டிரான்சிஸ்டர் புகுந்தபின் கருவி சிறுத்தது. இன்று அது செவித்துளைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. எனினும், அதனால் பயன்பெறத்தக்கார் நூற்றுவருள் ஏறத்தாழ 17 பேரே அதனை அணிகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. விலையும் வசதியின்மையும் பெருங்காரணங்களே. ஆயினும், கையிற் காசிருந்தும் நாணத்தால் வாளாவிருப்போர் எத்துணையர்! வாங்கியும் பெட்டியிற் பூட்டிவைப்போர் எத்துணையர்!

யானும் பூட்டிவைத்தவனே. செவியின் அச்செடுத்துச் செய்த கருவியை முதல் நாள் அணிந்தபொழுது, மின்விசிறி இரைந்தது, தாள் சலசலத்தது, என் குரலே குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலித்தது. கழற்றி மேசையறைக்குள் இட்டேன். ஆறு திங்கள் அஃது அங்கேயே உறங்கிற்று. பின்னர்ச் செவிச்சோதனை செய்பவர் விளக்கிய பின்னரே உண்மை தெரிந்தது. நெடுநாள் கேளாதிருந்த ஒலிகளை மூளை மீண்டும் பயில வேண்டும். முதலில் நாளொன்றுக்குச் சில நாழிகை, அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் உரையாடுக. உரக்கப் படித்துத் தன் குரலைத் தானே கேட்டுப் பழகுக. பின்னரே கடைத்தெருவும் கூட்டமும். கருவி வாங்குதல் ஒரு நாட் செயல். கேட்கப் பயிலுதல் பல வாரத் தவம்.

பயின்றால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும். வலச்செவிக் கருவிக்குச் சிவப்பும் இடச்செவிக் கருவிக்கு நீலமும் குறியாகும். இரவுதோறும் ஒலி வரும் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லிய தூரிகையால் துடைப்பின், குறும்பி உள்ளே செல்லாது உதிரும். ஊசியால் குத்துதல் ஆகாது. நீரும் சாராயமும் ஆகா. நம்மவர் தலைக்கு எண்ணெயும் முகத்திற்கு மாவும் பூசி முடித்த பின்னரே கருவியை அணிதல் வேண்டும். நீராடுமுன் கழற்றிவிடல் வேண்டும். வியர்வை மிகுந்த நம் நாட்டில், ஈரம் உறிஞ்சும் மணிகளிட்ட சிமிழில் இரவில் வைத்தல் நன்று. சிறு பாட்டரி காற்றை உட்கொண்டு இயங்குவது. ஒட்டுத்தாளை உரித்து ஒரு நிமிடம் பொறுத்த பின்னரே அதனை உள்ளிடுக. இரவில் அதன் கதவைத் திறந்துவைக்க. குழந்தை அதனை விழுங்கின் பேராபத்து. கணமும் தாழாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். கருவி சீழ்க்கையிடின் சரியாகப் பொருந்தவில்லை என்றோ, செவியில் குறும்பி அடைந்துள்ளது என்றோ கொள்க. காதைக் குடையாது மருத்துவரை நாடுக. இவையெல்லாம் அற்பச் செயல்கள் எனத் தோன்றலாம். ஆனால், குறும்பி அடைத்த கருவி செவிக்கு இட்ட தக்கையேயன்றி வேறன்று.

செவிநலம் உடையார்க்கும் கடமையுண்டு. கூவாதீர், முகம் நோக்கி நிதானமாகப் பேசுவீர். விளங்காவிடின் அதனையே மும்முறை கூறாது வேறு சொல்லாற் கூறுவீர். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்; அச்சொல் எங்களை அவையினின்று வெளியேற்றும். மாணவர்களே, பேரிசையை இரு காதிலும் ஓயாது பொழியும் நீங்களும் அந்த மயிரணுக்களையே செலவழிக்கின்றீர்கள் என்பதை மறவாதீர்கள்.

நம் கல்லூரி ஆண்டுதோறும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் செவிச்சோதனை நடத்துமாயின், அது பெரும்பொருள் வேண்டும் செயலன்று. வறிய மாணவர்க்குக் கருவி வாங்கித் தருதலைப் பழைய மாணவர் சங்கம் மேற்கொள்ளின், அதனினும் சிறந்த நன்கொடை யான் அறியேன்.

அன்று வினவிய மாணவர் இப்பொழுது எவ்வூரில் உளரோ அறியேன். இவ்விதழ் அவர் கைக்கு எட்டுமாயின், காலந்தாழ்ந்த என் விடை இது: தம்பி, எல்லாப் பற்றும் தீயதன்று, பற்றை விடுவதற்கும் ஒரு பற்று வேண்டும் என்று அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளே கூறுகின்றது. குறையில்லாதவனாகத் தோன்றவேண்டும் என்று யான் கொண்டிருந்த பற்றே தீயது. அதனை விட்டேன். இனி நீ வினவலாம்.