பொட்டலத்தை எப்போது பிரிப்பது?

கிறிஸ்மஸ் பரிசுப் பொட்டலத்தைப் பிள்ளைகள் எந்த நாளில், எந்த வேளையில் பிரிப்பது என்பதெல்லாம் ஒரு பங்குக் குரு பேனா பிடித்து எழுதத்தக்க பொருளா என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இறையியல் பயின்றவருக்கு எழுத வேறு ஒன்றும் அகப்படவில்லையா என்றும் கேட்கக்கூடும். கேட்கட்டும். எந்நாள் நோன்பு, எந்நாள் விருந்து என்று திருச்சபை நூற்றாண்டுக் கணக்கில் வகுத்து வந்தது வீண்வேலை அன்று என்றால், ஒரு குழந்தை தன் கையிலுள்ள பொட்டலத்தின் நூலை எப்போது அவிழ்க்கிறது என்பதும் சிறு காரியம் அன்று.

எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்தில் டிசம்பர் இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் நான் கண்டதைச் சொல்கிறேன். பெற்றோர் முன்கூட்டியே ஒரு பொட்டலத்தை மறைக்கல்வி ஆசிரியரிடம் கொடுத்துவிடுகிறார்கள். பளபளக்கும் தாளில் சுற்றி, மேலே பிள்ளையின் பெயர் எழுதியிருக்கும். மாலையில் கோவில் முற்றத்தில் மேடை. சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாக ஓர் இளைஞர் கிறிஸ்மஸ் தாத்தா வேடத்தில் ஆடிக்கொண்டே வருகிறார். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கப்படுகிறது. பிள்ளை மேடையேறுகிறது. 'பிரி, பிரி!' என்று கூட்டம் கூவுகிறது. அங்கேயே, அத்தனை கண்களுக்கும் நடுவில், தாள் கிழிகிறது. உள்ளே இருப்பதைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார்கள். கைதட்டல் பொருளின் விலைக்குத் தக்கபடி எழுகிறது. இதை எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆயினும் மேடைமேல் நாற்காலியில் அமர்ந்து அந்தக் கைதட்டலைக் கேட்டவன் நான்.

இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே என் வாதம். நள்ளிரவுத் திருப்பலிக்கு முன் எந்தப் பொட்டலமும் பிரிபடக் கூடாது. மேடையில் ஒருபோதும் கூடாது. அதைப் பிரிக்க வேண்டிய இடம் வீடு. பிரிக்க வேண்டிய வேளை, ஆண்டவரை வணங்கி வந்த பின்.

பிறரைக் குறைகூறும் முன் என் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில் இதே விழாவை முன்னின்று நடத்தியவன் நான்தான். ஓராண்டு, செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி வேலை செய்யும் குடும்பத்துச் சிறுவன் ஒருவனுக்குப் பொட்டலம் வரவில்லை. பிள்ளை விட்டுப்போகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், கடைசி நேரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் தாளில் சுற்றி அவன் பெயரை எழுதி வைத்தோம். அவனுக்கு முன்னால் ஏறிய பிள்ளைக்குத் தொலைவிலிருந்தே இயக்கும் கார். அடுத்து இவன். 'பிரி, பிரி' என்றார்கள். பிரித்தான். பள்ளியில் இலவசமாகத் தருவது போன்ற நோட்டு. அவன் அழவில்லை. கிழிந்த தாளை எடுத்து, மடிப்பு மாறாமல் மீண்டும் அதன்மேல் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அடுத்த ஆண்டு அவன் பெயருக்குப் பெரிய பொட்டலம் ஒன்று வந்தது. நான் மகிழ்ந்தேன். விழா முடிந்து அவனுடைய தாய் என்னிடம் வந்து, 'இந்த வருசம் குறை வைக்கல சாமி' என்றார். நூற்றுக்குப் பத்து வட்டிக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கியிருந்தார். வட்டிக்காரனிடம் அவரை அனுப்பி வைத்தது என் மேடை.

நகரத்து வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் டிசம்பர் மாதம் கையில் காசு புழங்கும் மாதம் அன்று. சம்பா அறுவடை தையில்தான். கார்த்திகை மழையில் வயலிலும் கூலி வேலை குறையும்; மழை ஓய்ந்த பின்னரே சூளைகள் முழுமூச்சாக இயங்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகளின் வீடுகளில் மாதச் சம்பளம் வருகிறது. அதே தெருவில் அடுத்த வீட்டில் வருவதில்லை. இந்த வேறுபாட்டை நாம் உண்டாக்கவில்லை. ஆனால் அதற்கு விளக்குப் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, கிறிஸ்துவின் பெயரால் ஊரைக் கூட்டிக் காட்டுகிறோம்.

இதில் மிகவும் இரக்கத்துக்குரியவர் அந்தத் தாத்தாவே. அவருடைய மூலம் நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராயிருந்த தூய நிக்கோலாஸ். மூன்று பெண் மக்களுக்கு வரதட்சணை கொடுக்க வழியற்று நின்ற ஒரு தந்தையின் வீட்டுக்குள், இரவில், எவரும் அறியாமல் பொன்முடிப்பை எறிந்துவிட்டு மறைந்தார் என்று மரபு கூறுகிறது. கொடுத்தவர் யார் என்பது தெரியக்கூடாது, வாங்கியவரின் வறுமையும் ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே அவருக்கு இருட்டு வேண்டியிருந்தது. அந்த ஆயருக்குப் பஞ்சுத் தாடி ஒட்டி, கையில் ஒலிவாங்கியைத் திணித்து, பெயர் சொல்லிக் கூப்பிட வைத்திருக்கிறோம்.

இனி நாளைப் பற்றி. திருவருகைக் காலம் கிறிஸ்மஸின் முன்னோட்டம் அன்று. 1969-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒப்புதலளித்த திருவழிபாட்டு ஆண்டின் ஒழுங்குமுறை அதை எதிர்பார்ப்பின் காலமாகவே வைக்கிறது. கிறிஸ்து பிறப்புக் காலம் 24-ஆம் நாள் மாலைப் புகழில் தொடங்கி, ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை நீள்கிறது. நாமோ காத்திருக்க வேண்டிய நாள்களில் கொண்டாடி முடித்துவிடுகிறோம். கொண்டாட வேண்டிய நாள்களில் களைத்துக் கிடக்கிறோம். 26-ஆம் நாள் திருப்பலிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எந்தப் பங்குக் குருவையும் கேளுங்கள். கோவிலில் குடில் கட்டியிருக்கிறோம்; மாடு நிற்கிறது, ஆடு நிற்கிறது, மரியாவும் யோசேப்பும் மண்டியிட்டிருக்கிறார்கள். தீவனத் தொட்டி மட்டும் வெறுமையாயிருக்கிறது. நள்ளிரவில்தான் குழந்தையை வைப்போம். அந்த வெறுமையான தொட்டிக்குப் பத்தடி தொலைவில் மேடையிட்டுப் பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராகப் பொட்டலம் கிழிக்கச் சொல்கிறோம். பிறகு மறைக்கல்வி வகுப்பில், 'கிறிஸ்மஸ் யாருடைய பிறந்தநாள்?' என்று அவர்களையே கேட்கிறோம்.

கிறிஸ்து பிறப்பை ஒட்டிய நற்செய்திப் பகுதிகளில் பெட்டி திறக்கப்படும் காட்சி ஒன்றே ஒன்று உண்டு. அது மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தில். நாம் மூன்று இராசாக்கள் என்று வழங்குகிறோம். மத்தேயுவோ எண்ணிக்கையும் சொல்லவில்லை, அரசர் என்றும் சொல்லவில்லை. அது கிடக்கட்டும். ஞானிகள் வீட்டுக்குள் போகிறார்கள், பிள்ளையைத் தாயுடன் காண்கிறார்கள், விழுந்து வணங்குகிறார்கள், அதன் பின்னரே தங்கள் பேழைகளைத் திறக்கிறார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். வணக்கம் முந்தியது, திறப்பு பிந்தியது. இன்னொன்றையும் கவனியுங்கள்: திறப்பவர் பெறுபவர் அல்லர், கொடுப்பவர். குருமடத்தில் இப்பகுதியைக் கிரேக்கத்திலும் படித்தேன். ஆனால் அந்த நோட்டுப் புத்தகச் சிறுவன் மேடையைவிட்டு இறங்கிய பிறகே இது என் கண்ணில் பட்டது.

இந்த ஒழுங்கு நமக்குப் புதியதும் அன்று. 1970-களின் இறுதியில் நான் சிறுவனாயிருந்தபோது பரிசுப் பொட்டலம் என்ற ஒன்றை எங்கள் தெரு அறியாது. எங்களுக்குப் பரிசு புதுச் சட்டைதான். துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தால், தையற்காரர் 24-ஆம் நாள் இரவு எட்டு மணிக்குத்தான் காஜா எடுத்து முடிப்பார். வாங்கி வந்ததும் பாட்டி அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். 'ஒரு தடவை போட்டுப் பாக்குறேன் பாட்டி' என்று கெஞ்சினாலும் நடக்காது. நள்ளிரவுத் திருப்பலிக்கு முதல் மணி அடித்த பின்தான் பெட்டி திறக்கும். புதுத்துணியின் கஞ்சி வாடையும் சாம்பிராணிப் புகையும் இன்றும் என் நினைவில் ஒன்றாகவே வருகின்றன. சட்டையை ஆண்டவரைப் பார்க்கப் போவதற்காகவே உடுத்தினோம். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவிக்குத் திருவருகைக் காலத்தின் பொருள் தெரிந்திருந்தது.

பிற நாட்டுக் கிறிஸ்தவர்களும் நாளை மனம்போன போக்கில் வைத்துக்கொள்ளவில்லை. ஒல்லாந்தில் பிள்ளைகள் தூய நிக்கோலாஸ் திருநாளுக்கு முந்திய மாலை, அதாவது டிசம்பர் 5-ஆம் நாள், பரிசு பெறுகிறார்கள். மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தத்துக்குப் பின் செருமனியில் அது புனிதர் திருநாளிலிருந்து குழந்தை இயேசுவின் பெயருக்கு மாறி, 24-ஆம் நாள் மாலையில் நிலைத்தது. போலந்தில் அன்று மாலை முதல் விண்மீன் தோன்றும்வரை விருந்துக்கு அமர மாட்டார்கள். மேசையில் வழிப்போக்கனுக்கென்று ஓர் இடத்தை வெறுமையாக விடுவார்கள். இசுபானியப் பிள்ளைகள் காலணிகளை வைத்துவிட்டு உறங்கி, ஜனவரி 6 காலையில் ஞானிகளின் பரிசைத் தேடுகிறார்கள். நாள்கள் வேறு வேறு. ஒவ்வொன்றும் ஒரு திருநாளில் கட்டப்பட்டிருக்கிறது. நம் மேடை விழாவின் நாள் எதில் கட்டப்பட்டிருக்கிறது? பந்தல்காரர் எந்த ஞாயிறு கிடைப்பார் என்பதில்.

உத்திரமேரூரில் வாழ்ந்துகொண்டு பொதுவில் திறப்பதைப் பற்றிப் பேசும்போது வைகுந்தப் பெருமாள் கோவில் கல்வெட்டுகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பெற்றவை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது எது என்றறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிக்கிறார்கள். அவன் எடுத்த ஓலையை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லாரும் கேட்க வாசிக்கிறார்கள். ஊர்ப் பொறுப்பு பொதுக் காரியம். ஆகவே எல்லார் முன்னும் திறந்தார்கள். அந்தக் குடத்தில் ஓலையிட வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தன. என் பங்கு மக்களின் முன்னோர் பெயர் எழுதிய ஓலை ஒன்றுகூட அதில் விழுந்திராது. உடைமையைக் கொண்டு பெயர்களைப் பிரிக்கும் வழக்கம் எங்களுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அதைக் கோவில் முற்றத்தில் நாமும் செய்ய வேண்டுமா? பொது வரவு செலவை அறைக்குள் பேசி முடிக்கிறோம். ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு என்ன வாங்க முடிந்தது என்பதை ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம்.

என்னோடு வாதிட்டவர்களும் உண்டு. பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்கிறீர்கள் என்றார்கள். மேடையில் ஒரு நொடியில் கிழிபடும் தாளைவிட, பெட்டிக்குள் கிடந்த சட்டை எனக்குத் தந்த மகிழ்ச்சி பெரிது. அதில் பல நாள் ஆசை கலந்திருந்தது. பரிசு இல்லாவிட்டால் மறைக்கல்விக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்றார் ஓர் ஆசிரியர். அப்படியானால் ஆண்டு முழுவதும் நாம் கற்பித்தது என்ன என்று கேட்டேன். அவரும் நானும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். இளைஞர் ஒருவர் எதிர்த்திசையிலிருந்து வந்தார்: இசுபானியரைப் போலத் திருக்காட்சிப் பெருவிழாவுக்கே பரிசை மாற்றிவிடலாமே என்றார். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் நம் நாட்டில் அப்பெருவிழா ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடைப்பட்ட ஞாயிறன்று வருகிறது. அதற்குள் பள்ளி திறந்துவிடும். அண்டை வீட்டுப் பிள்ளை பத்து நாள் விளையாடிய பொம்மையைப் பார்த்துக்கொண்டு நம் பிள்ளை காத்திருப்பது தவமாகாது, மனக்கசப்பே மிஞ்சும்.

ஏற்றுக்கொண்ட மறுப்பு ஒன்று உண்டு. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு சேர இரண்டு மணியாகிறது. பிள்ளை தோளில் உறங்கிக்கொண்டு வருகிறது. அப்போது எழுப்பிப் பொட்டலத்தைக் கொடுப்பதா என்றார் ஒரு தாய். நியாயம். காலையில் பிரிக்கட்டும். காவல் வேலைக்கோ இரவுப் பணிக்கோ போன தகப்பன் வீடு திரும்பிய பின் பிரிக்கட்டும். பொட்டலம் அவருடைய உழைப்பு. அதைப் பிள்ளை பிரிக்கும்போது முகத்தைப் பார்க்கும் உரிமை ஊராரைவிட அவருக்கே உண்டு.

சென்ற கிறிஸ்மஸுக்கு எங்கள் பங்கில் மேடை போட்டோம், பொட்டலம் இல்லை. பிள்ளைகள் பிறப்பு நாடகம் நடித்தார்கள். இடையன் வேடமிட்ட ஒருவன் வசனத்தை மறந்து ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டே நின்றான். எல்லாருக்கும் ஒரே அளவில் கேக் துண்டு கொடுத்தோம். திருக்காட்சிப் பெருவிழாவன்று, விரும்பிய பிள்ளைகள் தங்களுக்கு வந்தவற்றில் ஒன்றைச் சுற்றாமல், பெயர் எழுதாமல், குடிலின் அருகே வைக்கலாம் என்றேன். வந்தவை அதிகமில்லை, பென்சில்களும் ஒரு பந்தும் ஒரு பொம்மையும்தான். யார் வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. அவை போன வீடுகள் எவை என்பதும் வெளியே தெரியாது.

25-ஆம் நாள் காலைத் திருப்பலி முடிந்து ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். 'பேரனுக்கு இந்த வருசம் பொட்டலமே வாங்கல சாமி, சட்டை மட்டுந்தான் எடுத்தோம்' என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, 'யாருக்கும் தெரியாது' என்றார்.

பங்குப் பேரவையில் எல்லாரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. விழாவின் களை போய்விட்டது என்று இருவர் கூட்டக் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நவம்பர்க் கூட்டத்தில் பேச்சு மீண்டும் எழும். எழட்டும், அன்று இந்த இதழையே கையில் எடுத்துப் போகலாமென்றிருக்கிறேன்.