வேகம் கூடுகிறது, லைனர் தாங்குமா?

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் கடலை நம்பி வாழும் ஊர். ஒரு காலத்தில் பாயும் துடுப்பும்தான் துணை. இன்று எஞ்சின் இல்லாமல் தொழில் இல்லை!

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மீன்கள் பெருகுவதற்காக இந்த ஏற்பாடு. படகுகளைப் பழுது பார்ப்பதும் இந்த நாட்களில்தான். எஞ்சினைப் பிரித்ததும் எழும் கேள்வி ஒன்று: "வேகத்தை இன்னும் கூட்ட முடியாதா?"

ஆசைக்குக் காரணம் உண்டு. மீன் கூட்டத்தை முந்திச் சென்று பிடிப்பவருக்கு வலை நிறையும். முந்திக் கரை சேர்ந்தால் நல்ல விலை கிடைக்கும்.

லைனர் என்பது என்ன?

எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்புக் குழாய்தான் லைனர். ஸ்லீவ் என்றும் சொல்வார்கள். எரிபொருள் வெடித்து எரியும் வேகத்தை எல்லாம் தாங்குவது அதுவே. நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடும் டீசல் எஞ்சினில், ஒவ்வொரு லைனருக்குள்ளும் 900 தடவை வெடிப்பு நடக்கிறது!

கூடுதல் டீசலைச் செலுத்தினால் சக்தி கூடும். சூடும் அழுத்தமும் சேர்ந்தே கூடும். லைனர் வட்டம் மாறும், விரிசல் காணும். தண்ணீர் எண்ணெயில் கலக்கும். பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றுவிடும்.

பந்தயக் கார் செய்பவர்களுக்கும் இதே தொல்லைதான். அவர்கள் அலுமினிய எஞ்சினைக் குடைந்து, உறுதியான இரும்பில் செய்த கனத்த ஸ்லீவ்களை இறக்குகிறார்கள். மேல் விளிம்பு அசையாதபடி பிடிப்பும் கொடுக்கிறார்கள். அதன் பிறகே சக்தியைக் கூட்டுகிறார்கள்.

படகுக்குப் பொருந்துமா?

கார் நின்றால் ஓரமாகத் தள்ளலாம். நடுக்கடலில் படகு நின்றால்? காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்புக்குப் போக வேண்டும். அதில் இருப்பவர்கள் பல குடும்பங்களின் சோறு!

கனத்த லைனர் போட்டால் மட்டும் ஆபத்து நீங்காது. பிஸ்டன், பேரிங், குளிர்விக்கும் தண்ணீர் ஆகிய எல்லாம் ஈடு கொடுக்க வேண்டும். பல எஞ்சின்களில் லைனரின் வெளிப்புறம் தண்ணீரில் நனைந்தபடி இருக்கும். வெடிப்பின் அதிர்வில் அங்கே சிறு குமிழிகள் தோன்றி உடையும். அவை நாளடைவில் இரும்பையே அரித்து ஓட்டை போடும். சரியான குளிர்விக்கும் மருந்து கலந்த தண்ணீரே இதற்குக் காப்பு.

இன்னொன்றும் உண்டு. ஒரு படகு வேகம் கூட்டினால் பக்கத்துப் படகும் கூட்டும். இருவருக்கும் கடன் ஏறும்; டீசல் செலவு ஏறும். கடலில் மீன் மட்டும் ஏறாது! படகு எஞ்சினின் சக்திக்கு அரசு வரம்பு விதிப்பதன் நியாயம் இதுதான்.

தேய்ந்த லைனரை மாற்றுவது அவசியம். அளவு பார்த்து, நல்ல பட்டறையில் பொருத்துவது புத்திசாலித்தனம். எஞ்சின் செய்தவர் குறித்த சக்தியை மீறுவதோ, உயிரைப் பணயம் வைப்பது. முந்திப் போவதைவிடப் பத்திரமாகத் திரும்பி வருவதே வீட்டில் காத்திருப்பவர்களுக்குப் பெரிய லாபம்!