முதலாம் சாட்சியின் பக்கத்தில் யார் இருக்கிறார்?

போன கிழமை எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்தியோடும் அவளுடைய உம்மாவோடும் நீதிமன்றத்துக்குப் போய் வந்தோம். பிள்ளைக்கு என்ன நடந்தது, எந்த ஊர், எந்த நீதிமன்றம் என்பதை இங்கே எழுத மாட்டோம். யாரும் கேட்கவும் வேண்டாம்.

முறைப்பாடு செய்தபோது அவள் தரம் 6. இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

காலை எட்டரைக்கெல்லாம் போய் விறாந்தையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவரும் அவருடைய குடும்பத்தாரும் வந்தார்கள். இருந்தது இரண்டே வாங்குகள். அவர்கள் மற்ற வாங்கில் உட்கார்ந்தார்கள். மதியம் வரைக்கும் பிள்ளை தலை நிமிரவில்லை. தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. மலசலகூடத்துக்குப் போவதென்றால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இரண்டு மணியளவில் ஆட்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். நாங்களாகப் போய் விசாரித்த பிறகுதான் தெரிந்தது, வழக்கு இன்றைக்கு எடுபடாதாம், அடுத்த தவணை நான்கு மாதம் கழித்தாம். அதையும் சிங்களத்தில் சொன்னார்கள். உம்மாவுக்கு நாங்கள்தான் தமிழில் சொன்னோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிள்ளை கேட்டாள்: "டீச்சர், நான் சொன்னது பொய்யெண்டு சொன்னா, இனி வரத் தேவையில்லையா?"

இந்தக் கேள்விதான் எங்களை எழுத வைத்தது.

ஒரு விஷயத்தை நாங்கள் பலரும் யோசிப்பதில்லை. குற்றவியல் வழக்கு பாதிக்கப்பட்டவருக்கும் குற்றவாளிக்கும் இடையில் நடப்பதில்லை. அரசுக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் இடையில் நடக்கிறது. அரசுக்காக அரச சட்டத்தரணி பேசுவார், எதிரிக்காக அவருடைய சட்டத்தரணி பேசுவார். அடிபட்டவர், பறிகொடுத்தவர், சிதைக்கப்பட்டவர் அந்த அறையில் முதலாம் சாட்சி மட்டும்தான். கூப்பிட்டால் வர வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும், முடிந்தால் போக வேண்டும்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. பாதிக்கப்பட்டவர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985 இலேயே பிரகடனம் செய்தது. எங்கள் பாராளுமன்றம் அதற்கு முப்பது வருடம் கழித்து, 2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2023 இல் அதை மாற்றி 10 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் என்றே ஒரு தேசிய அதிகார சபை இருக்கிறது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அறியும் உரிமை, அச்சுறுத்தலிலிருந்து பாதுகாப்பு, நட்டஈடு, எதிரியின் முன்னால் நிற்காமல் வேறோர் இடத்திலிருந்து காணொளி மூலம் சாட்சி சொல்லும் வழி எல்லாம் கடதாசியில் உண்டு. பிள்ளைகளின் வாக்குமூலத்தைக் காணொளியில் பதிவுசெய்து நீதிமன்றத்தில் பயன்படுத்துவதற்கு 1999 இலேயே சட்டம் இடம் கொடுத்துவிட்டது.

அப்படியானால் எங்கள் பிள்ளை ஏன் அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தாள்?

ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், கதவுகளுக்கு இடையிலுள்ள பாதைக்கு இல்லை. பொலிஸ் ஓர் அமைச்சின் கீழ். சட்ட வைத்திய அதிகாரி சுகாதாரத்தின் கீழ். நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாண சபையின் கீழ். வழக்குத் தொடுப்பது சட்டமா அதிபர் திணைக்களம். நீதிமன்றம் யாருக்கும் கீழ் இல்லை, அப்படி இருக்கவும் கூடாது. ஒவ்வொருவரும் தங்கள் பங்கைச் செய்து கோப்பை மூடி அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். கோப்பு போய்ச் சேர்கிறது. பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் புதிதாக இன்னொரு சட்டம் கேட்டு நாங்கள் எழுதவில்லை. இந்தப் பாதைக்குப் பொறுப்பான ஒரு ஆள் வேண்டும் என்கிறோம். நீதி அமைச்சுக்குள் இருந்து, இத்தனை நிறுவனங்களையும் ஒரே மேசைக்குக் கூப்பிடும் அதிகாரத்தோடு, "பாதிக்கப்பட்டவர் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எப்படி நடத்தப்படுகிறார்" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர்.

அவர் மலையைப் புரட்ட வேண்டியதில்லை. சாட்சிக்குத் தனியாக ஒரு அறை. பிள்ளைகள் வரும் வழக்கைக் காலையிலேயே முதலில் எடுக்க நீதித்துறையோடு பேசி ஓர் ஏற்பாடு. பாதிக்கப்பட்டவர் போன் எடுத்தால் பதில் சொல்ல, பெயர் தெரிந்த ஓர் உத்தியோகத்தர். தவணை மாறினால் முதல் நாளே ஒரு குறுஞ்செய்தி, அவருடைய மொழியில். மின்சாரப் பட்டியல் போனுக்கு வருகிற நாட்டில் இது பெரிய வித்தையா? வடக்கு கிழக்குக்கு வெளியே வாழும் எங்களுக்குத் தமிழில் பதில் தருவது சலுகை அல்ல. சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள் என்று அரசியலமைப்பே சொல்கிறது.

அடுத்தது கணக்கு. ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் நாங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறோம். வரவு இடாப்பு அதற்குத்தான் இருக்கிறது. பாதி வழியில் களைத்துப்போய் நீதிமன்றத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட சாட்சிகள் எத்தனை பேர், ஏன் நிறுத்தினார்கள் என்ற கணக்கு வெளியில் வந்து நாங்கள் பார்த்ததில்லை. ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் அந்த இடாப்பு வேண்டும், வருடா வருடம் வெளிவர வேண்டும்.

"எதிரிக்கும் உரிமை இருக்கிறதே" என்பார்கள். நிச்சயமாக இருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதிதான். அநியாயமாகக் கைதாகி உள்ளே இருந்தவர்களின் வலி 2019 க்குப் பிறகு எங்கள் சமூகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைக்குத் தனி வாங்கு கொடுத்தால் எதிரியின் எந்த உரிமை குறையும்?

உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் சொந்தங்களை இழந்தவர்களும் காயப்பட்டவர்களும் விடவில்லை. உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2023 ஜனவரி 12 ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதி உட்பட ஐந்து பேர் மொத்தம் 31 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து நின்றால் அரசையே பதில் சொல்ல வைக்கலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் தனியாக ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் உம்மாவுக்குப் பின்னால் யார் சேர்ந்து நிற்கிறார்கள்?

இங்கே எங்களையும் நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். "கோட்டுக்குப் போய் மானத்தை வாங்காதீங்க, ஊருக்குள்ள பேசி முடிப்போம்" என்று அந்த உம்மாவிடம் முதலில் சொன்னது அரசாங்கம் அல்ல. எங்கள் ஆட்கள்தான். பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்று தயங்கியவர்கள் ஆசிரியர்களிலும் இருந்தார்கள். மறைக்க மாட்டோம். வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதை மாற்றிப் போட்டது நாங்கள். பிள்ளை அந்த விறாந்தையில் தலை குனிந்திருந்ததில் எங்கள் பங்கும் இருக்கிறது.

அமைச்சரிடமும் அதிகாரிகளிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். கொள்கை எழுத உட்காரும் முன்னர், முன்னறிவித்தல் இல்லாமல், வாகனத் தொடர் இல்லாமல், ஏதாவது ஒரு நீதிமன்ற விறாந்தையில் காலை எட்டரையிலிருந்து இரண்டு மணி வரை உட்கார்ந்து பாருங்கள். மிச்சத்தை அந்த வாங்கே சொல்லித்தரும்.

பஸ்ஸில் பிள்ளை கேட்ட கேள்விக்கு, "நீ சொன்னது உண்மை, உண்மையை மாத்தத் தேவையில்லை, நாங்க கூட வருவோம்" என்று சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்கு மாதம் கழித்து அந்தத் தவணை. இன்ஷா அல்லாஹ், போவோம்.

(பிள்ளை ஒன்றுக்கு ஆபத்து என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 க்கு அழையுங்கள். பெற்றோர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை.)