நோய்க்கடத்தி என்னும் சொல்: எல்லைப்புறத்திலிருந்து ஒரு மறுப்பு

கலைச்சொல்லாக்கம் குறித்து நம் தமிழ்த்துறைகளில் நிகழும் விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி வருகிறது. வடசொல்லை ஏற்பதா, தனித்தமிழ்ச் சொல்லைப் படைப்பதா, ஒலிபெயர்ப்போடு அமைவதா என்பதே அவ்வினா. இது தேவையற்ற வினா என்பது நம் கருத்தன்று. ஆயினும், மனித உடலின் பிறவி மாறுபாடுகளையும் மரபுநோய்களையும் குறிக்கும் சொற்களைப் பொறுத்தவரை இதனையே முதல் வினாவாகக் கொள்வது பெரும் பிழை. அங்கே முதலில் கேட்கவேண்டியது, அச்சொல் கண்டதைக் கூறுகிறதா அல்லது கண்டவர்மேல் தீர்ப்புக் கூறுகிறதா என்பதே.

எடுத்துக்காட்டு தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பாலக்காட்டு மாவட்டத்தில் வாளையாருக்கு வடக்கே, ஆனைகட்டி வழியாகக் கோவையோடு தொடர்புடைய மலைப்பகுதி அட்டப்பாடி. அங்கு வாழும் பழங்குடியினரிடையே சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்துபோகும் மரபுநோய் உள்ளது. இந்தியாவில் இம்மரபுக்கூறு முதன்முதலாக அறியப்பெற்றது 1952இல், நீலகிரி மலைமக்களிடையே என்பதையும் ஈண்டு நினைவுகூரல் தகும். அதாவது, தமிழ்நிலத்தில் கண்டறியப்பட்ட ஒன்று இது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்குத் தமிழில் ஒரு பெயர் நிலைபெறவில்லை. கதிர் அரிவாள் இரத்தசோகை, அரிவாள்செல் நோய், அரிவாள் உயிரணுச் சோகை எனப் பல வழங்குகின்றன. உயிரணுவைக் ‘கலம்’ எனக் கற்கும் ஈழத்து மாணவருக்கு இவற்றுள் சில அயலாகவே தோன்றும். எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் ‘அரிவாள் ரோகம்’ என்பர், எளிதில் விளங்கும்.

பெயர் பலவாதல் தொல்லையே எனினும் அது தாங்கக்கூடிய தொல்லை. தாங்கவொண்ணாதது வேறொன்று. இம்மரபுக்கூற்றைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவரே நோயர். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தை நோயுடன் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இவ்வொற்றைக் கூற்றினரை நம் அறிவியல் தமிழ் எவ்வாறு அழைக்கிறது? ‘நோய்க்கடத்தி’ என்கிறது. மலேரியாவைப் பரப்பும் கொசுவுக்கும் அதே பெயர்தான்! கொசு கடத்துவது பிறர் உடலுக்கு. இவரோ தம் மக்களுக்கன்றி எவருக்கும் எதனையும் தருவதில்லை. தொட்டாலும் உடனுண்டாலும் ஒட்டுவதன்று இது. இவ்வேறுபாட்டை அழித்துவிட்ட ஒரு சொல்லை, மணப்பருவத்துப் பெண்ணின் கையிலுள்ள பரிசோதனை அட்டையில் எழுதிக்கொடுத்தால் என்ன நேரும்? 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள் சோகை ஒழிப்பு இயக்கம், 2047ஐ இலக்காகக் கொண்டு மக்களைச் சோதித்து அட்டை வழங்கும் திட்டம். ஆகவே இது அகராதிக்குள் அடங்கிக் கிடக்கும் சிக்கலன்று. மலையாளத்து ‘ரோகவாஹகர்’ என்பதும் இக்குற்றத்திற்கு விலக்கன்று.

நம்மவரிடம் பழஞ்சொல் உண்டே என்பார் உளர். உண்டு. புறநானூற்றின் 28ஆம் பாட்டு உடற்குறைகளை எட்டாக வகுத்து எச்சம் என்கிறது. கூனும் குறளும் செவிடும் அவற்றுள் அடங்கும். அக்காலத்தில் அவை வகைப்பெயர்களாக இருந்திருக்கலாம். இன்று அவற்றுட் பல தெருவில் வசைச்சொற்கள். தொன்மை ஒரு சொல்லுக்குத் தகுதிச் சான்று ஆகாது. இன்னும் கொடிது, மேலுதடு பிளந்து பிறக்கும் குழந்தையைக் ‘கிரகண மூளி’ எனும் வழக்கு. இரண்டே சொற்களில் காரணத்தையும் பொய்யாகக் கூறிப் பழியையும் தாயின்மேல் ஏற்றுகிறது. கிரகண நேரத்தில் அவள் வெளியே வந்தாள் என்பதன்றோ அதன் உட்கிடை? ‘உதட்டுப் பிளவு’ என்பதோ கண்டதை மட்டும் கூறுகிறது. அறுவையால் சீராக்கத்தக்கது என்ற நம்பிக்கைக்கும் அது இடந்தருகிறது.

மேலைநாட்டாரும் இதில் தூயர் அல்லர். மங்கோலியர் பெயரால் ஒரு பிறவி நிலையைப் பல்லாண்டு வழங்கி, 1965இல் மங்கோலிய நாடு உலகச் சுகாதார நிறுவனத்திடம் முறையிட்ட பின்னரே கைவிடத் தொடங்கினர். உள்ளங்கையில் ஒரே குறுக்குக்கோடு இருப்பதைக் குரங்கின் பெயரால் குறித்தனர். ஆனால் 2009 ஜனவரியில் மருத்துவ மரபியலார் ஒரு செயல் செய்தனர். முகம், காது, கை, கால் முதலியவற்றின் மாறுபாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அதற்கொரு வரையறை, அளக்கும் முறை, படம் ஆகியவற்றை ஒருங்கே வெளியிட்டனர். இழிவு தொனிக்கும் பழம்பெயர்களை நீக்கினர். நம் கலைச்சொல் தொகுதிகளைத் திறந்து பார்க்க: இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். வரையறை பெரும்பாலும் இல்லை. வரையறை இல்லாத பட்டியலைத் தரப்படுத்தம் என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

வரையறையின்மையின் விளைவுக்கு இன்னுமோர் சான்று. ‘ஊனம்’ என்ற ஒரே சொல்லால் உறுப்பின் குறையையும், அதனால் வரும் செயல் இடர்ப்பாட்டையும், சமூகம் விதிக்கும் தடையையும் குறித்துவந்தோம். இம்மூன்றையும் உலகச் சுகாதார நிறுவனம் 1980இலேயே பிரித்துக் காட்டியிருந்தது. தமிழக அரசு 2010இல் ‘மாற்றுத்திறனாளி’ என்பதை ஏற்றது. மனிதரை அழைக்கும் பெயராக அது மிக நன்று. அதனை நிலைமைக்கும் நீட்டி ‘மாற்றுத்திறன்’ என்று வழங்கத் தொடங்கியதே தவறு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 40 விழுக்காட்டை ஓர் எல்லையாகக் கொள்கிறது. ‘40 விழுக்காடு மாற்றுத்திறன்’ என்று சான்றிதழில் எழுதினால், அளக்கப்பட்டது திறனா குறையா? நல்லெண்ணத்தால் பிறந்த சொல்லும் வரையறையின்றித் தன் பணியைச் செய்யாது.

சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அவருடைய ‘அங்காதிபாதம்’, ‘இரணவைத்தியம்’ முதலிய சொற்கள் வடமொழிச் சாயல் மிக்கவை என்று குறைகூறுதல் எளிது. அவற்றைக் கற்ற மாணவர் நோயரிடம் சென்றனர் என்பதை மறந்துவிடுகிறோம். நம் சொற்களோ கருத்தரங்கிலிருந்து அகராதிக்கும் அகராதியிலிருந்து கருத்தரங்கிற்கும் சென்று மீள்கின்றன.

எல்லைப்புறத் தமிழர்க்கு இதனால் நேரும் இழப்பு மிகுதி. சிற்றூர்ப் பகுதியிலும் தேவிகுளம், பீருமேட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் வாழ்வோர், தம் தாய்மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் மருத்துவக் குறிப்பு ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில், வாளையாரைக் கடந்து கோவைக்குச் சென்றால் வேறு சொற்கள். ‘விருக்க’ என்று ஒரு மருத்துவமனையிற் கேட்டதும் ‘சிறுநீரகம்’ என்று மறு மருத்துவமனையிற் கேட்டதும் ஒன்றே என்று யார் அவருக்குக் கூறுவது? எனவே தரப்படுத்தம் சென்னையிலோ தஞ்சையிலோ முடியும் வினையன்று. இத்தகைய இடங்களில் நோயரும் செவிலியரும் கேட்டுப் பொருள் கூறிய பின்னரே ஒரு சொல் அச்சேறவேண்டும்.

‘நோய்க்கடத்தி’ என்பதைக் கொசுவுக்கே விட்டுவிட்டு, மனிதரை ‘மரபுக்கூறு தாங்குபவர்’ என்று வழங்கலாம் என்பது நம் பரிந்துரை. நீளமான தொடர் என்பர், நீளமே. இதனினும் சுருக்கமாக, இப்பொருள் குன்றாமல் ஒரு சொல் கிடைப்பின், அதனை அட்டப்பாடியில் ஒரு தாயிடம் கூறிப்பார்த்துவிட்டு இவ்விதழுக்கு எழுதியனுப்புமாறு தமிழறிஞர்களை வேண்டுகிறோம்.