பாட்டியின் தவலையும் அமெரிக்கக் கேபிளும்

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்று தெருவில் குரல் கேட்டால், எங்கள் பாட்டி கொல்லைப்புறத்துச் செம்புத் தவலை பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவாள். அந்தக் கவலை இப்போது அமெரிக்காவில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் வந்துவிட்டது.

அங்கே பெட்ரோல் பங்க் மாதிரி, மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையங்கள் உண்டு. கம்பத்திலிருந்து கெட்டியான கேபிள் ஒன்று தொங்கும். உள்ளே செம்புக் கம்பி. இருட்டினதும் யாரோ வந்து அதை நறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். "ஷாக் அடிக்காதோ?" என்பீர்கள். அதுதான் வேடிக்கை! காரில் செருகி, காரும் கம்பமும் தங்களுக்குள் பேசிச் 'சரி' என்ற பிறகே கேபிளில் மின்சாரம் பாயும். நம்மைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு திருடனையும் காப்பாற்றுகிறது.

ஹூஸ்டன் நகரில் 2024-ல் டெஸ்லா நிலையம் ஒன்றில் 19 கேபிள்களில் 18 பறிபோயின. எலெக்ட்ரிஃபை அமெரிக்கா என்ற கம்பெனி அந்த வருஷம் மே மாதத்துக்குள் 129 கேபிள்களைப் பறிகொடுத்தது. 2023 முழுவதும் போனதைவிட 4 அதிகம். திருடனுக்குக் கிடைப்பதென்னவோ கேபிளுக்கு 15, 20 டாலர்தான். புதிது மாட்ட மினியாபொலிஸ் நகரசபைக்கு ஆயிரம் டாலர் பிடிக்கிறதாம்!

பணம் கிடக்கட்டும். பின் ஸீட்டில் குழந்தைகள் தூங்க, பாட்டரி தீரும் தறுவாயில், ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே வந்து சேரும் தாயாரை நினைத்துப் பாருங்கள். எதிரே வரிசையாக மொட்டைக் கம்பங்கள். அடுத்த நிலையம் வரை வண்டி ஓடுமோ, ஓடாதோ?

பந்தோபஸ்துக்குக் குறைவில்லை. காமிரா, ஊளையிடும் சங்கு, எளிதில் வெட்டுப்படாத கேபிள் எல்லாம் வந்திருக்கின்றன. அறுத்தால் நீலச் சாயம் பீச்சும் உறைகூட உண்டு, ஹோலிப் பண்டிகைதான்! ஆனால் வாங்க ஆள் இருக்கும்வரை வெட்டவும் ஆள் இருப்பான் என்பது என் கட்சி. டெக்ஸஸ் ராஜ்யத்தில் பழைய உலோகம் வாங்கும் கடைக்காரர், விற்பவரின் அடையாள அட்டையைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்லதுதான். இருந்தாலும் மேலுறையை உரித்துவிட்டால் எந்தக் கேபிளும் வெறும் செம்பு. யாருடையது என்று எப்படிச் சொல்வது?

பிரிட்டனில் ரயில்வேக்காரர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். செம்புக் கம்பியில் கண்ணுக்குத் தெரியாத திரவத்தைப் பூசிவிட்டார்கள். விசேஷ விளக்கொளியில் பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எங்கள் பாட்டிக்கு அந்த விளக்கெல்லாம் தேவைப்படவில்லை. தவலையின் கழுத்தில் உளியால் தன் பெயரை வெட்டி வைத்திருந்தாள்.